றேமண்டின் இடுப்பும் ஒரு துவாயும்

கொட்டாஞ்சேனையில் றேமண்டின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவருடைய தோளைத் தெரியும். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பங்குத் திருநாளில் புனிதரின் சுரூபம் கோவிலை விட்டு வெளியே வரும்போது முன்வரிசையில் இடப்பக்கம் தாங்குகிறவர் அவர்தான்.

இந்த வருடம் வினை இடுப்பு வலியாக வந்தது. பிசியோ ஷாமிலா மாத்திரையும் தரவில்லை, களிம்பும் தரவில்லை. தரையில் மல்லாக்கப் படுத்து, கைகளையும் மடித்த முழங்கால்களையும் மேலே தூக்கி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் மெதுவாக இறக்கச் சொன்னாள். இறக்கும்போது மூச்சை விடவேண்டும், இடுப்பு தரையை விட்டு எழும்பக்கூடாது. டெட் பக் என்று பெயராம்.

"இது ஒழுங்கா வந்தாத்தான் அங்கிள், சுரூபம் தூக்கிறதைப் பற்றிக் கதைக்கலாம்."

செத்த பூச்சி. மரியாதையாக வாழ்ந்த மனிதனுக்குக் கடைசியில் கிடைத்த பட்டம்.

சோதிப்பது மனைவி பிறிஜெற்றின் பொறுப்பு. அவர் இடுப்புக்கடியில் தலை துவட்டுகிற துவாயை வைத்து, கால் இறங்கும்போது இழுப்பாள். துவாய் வராவிட்டால் சரி. ஒவ்வொரு நாளும் அது வழுக்கிக்கொண்டு வந்தது.

"மூச்சைப் பிடிக்கிறீங்கள்."

"பிடிக்காமல் எப்படியப்பா தூக்கிறது?"

அங்கேதான் கோளாறு. சுரூபம் தூக்குகிறவர்கள் 'தூக்கு' என்ற குரல் கேட்டதும் மூச்சை அடக்கி ஒன்றாக எழும்புவார்கள். நடுவில் ஒருவன் மூச்சு விட்டால் அவன் பக்கம் சரியும். அப்படியே ஊறிப்போன மனிதர், வெறும் காலை அசைக்கவும் நெஞ்சை உப்பினார். நெஞ்சு உப்ப, இடுப்பு வளைந்தது. பாயை உதைத்தார், மின்விசிறியைத் திட்டினார், ஷாமிலா எங்கே படித்தவள் என்று கேட்டார். ஒரு காலைக் கீழே இறக்கத் தெரியவில்லையே என்று நினைத்தபோது அழுகைகூட வந்தது.

"சரிவராட்டியும் பரவாயில்லை," என்றார் ஒரு பின்னேரம், கைகால்களை மேலே தூக்கியபடி. "நாளைக்குத் தூக்கிற ஆக்களின்ர கூட்டம். போய் என்ர இடத்தைக் கேட்டு எடுக்கிறன்."

பிறிஜெற் துவாயின் நுனியை விரலில் சுற்றினாள்.

"போகாதேங்கோ. அத்தனை பேருக்கு முன்னால கேக்கிறதை விட இப்பவே நான் சொல்லக் கேளுங்கோ. உங்கட இடத்தை மெல்ரோய்க்குக் குடுத்திட்டினம். போன ஞாயிறே பாதர் என்னட்டைச் சொன்னவர். எனக்குத்தான் சொல்ல வாய் வரேல்லை."

மெல்ரோய் அவருடைய தங்கையின் மகன். போன திருநாள் வரை அவருடைய தண்ணீர்ப் போத்தலைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தவன்.

றேமண்டின் நெஞ்சுக்குள் இருந்த மூச்சு முழுவதும் வெளியே போனது. அதோடு ஒரு கையும் எதிர்ப்பக்கக் காலும் மெல்ல இறங்கின.

பிறிஜெற் பழக்கதோஷத்தில் துவாயை இழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தாள்.

"வரேல்லை," என்றாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"துவாயை விடாதையும்," என்றார் பிறகு. "மற்றக் கால் இன்னும் கிடக்கு."