ஓவியத்தின் முன்னே ஒரு மணியோசை

ஜேர்மனியின் கொலோன் நகர அருங்காட்சியகத்தில் ஒரு சர்க்கஸ் குடும்பத்தின் ஓவியத்தை நானும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பொம்பிளை அழுறாவோ அம்மா?" என்றாள்.

உற்றுப் பார்க்க ஓவியத்தை நெருங்கினேன். உடனே எச்சரிக்கை மணி அலறியது.

மறுகணம் மகளைத் தரையில் தள்ளி, அவள்மேல் குப்புறக் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுச் சைரன் ஊதினால் அப்படித்தான் கிடப்போம்.

"விடுங்கோ அம்மா, மூச்சு விட ஏலாமல் கிடக்கு!"

சனம் ஓவியத்தை விட்டு எங்களை வேடிக்கை பார்த்தது. சீருடைக் காவலாளி ஓடிவந்தார். சீருடையைக் கண்டதும் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவரோ எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்துக் கூட்டத்தின் பார்வையை மறைத்து நின்றார். நான் எழும்பும்வரை திரும்பவேயில்லை.

இப்போது டிராமில் மணி அடித்தாலே மகள் என் கையை இறுக்கிப் பிடிக்கிறாள். எனக்காகவா, தன் பயத்தாலா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.