அண்ணனுக்கு நான் கொடுத்த வசனம்

இருபது வருடமாக ரஷ்ய நாவல்கள் படிக்கிறேன், பெரும்பாலும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போகவர பஸ்ஸில். அந்த நாவலாசிரியர்களிடம் எனக்குப் பிடித்தது ஒரு தந்திரம். தங்களுக்கு ஆகவே ஆகாத ஆளுக்குத்தான் இருப்பதிலேயே நல்ல பேச்சைக் கொடுப்பார்கள். எழுதியவர் பக்திமான் என்றால், நாத்திகன் வாய் திறக்கும் அத்தியாயம்தான் புத்தகத்திலேயே பலமாக இருக்கும். நம்மைக் குழப்பிவிட்டு அவர் எங்கேயோ ஒளிந்துகொள்வார். எங்கே என்று பென்சிலும் கையுமாகத் தேடுவது என் பொழுதுபோக்கு.

போன வருடம் எனக்கும் அப்படி எழுதிப் பார்க்க ஆசை வந்தது. திருச்சுழிப் பக்கம் அப்பா விட்டுப்போன கரிசல் நிலத்தை ஒரு சோலார் கம்பெனிக்குக் கொடுக்க அண்ணன் முடிவு செய்திருந்தார். அதற்கு என் கையெழுத்தும் வேண்டும். பாலவனத்தத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆத்திரம் மட்டும் நிறைய இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சிறுகதையாக்கினேன். தங்கையைக் கொஞ்சம் வீம்புக்காரியாக்கி, நியாயத்தையெல்லாம் அண்ணன் பக்கம் அள்ளி வைத்தேன். மழை ஏமாற்றியது, மிளகாய்ச் செடி கருகியது, களையெடுக்க ஆள் கிடைக்காதது எல்லாம் அவர் வாயாலேயே வந்தன. பத்திரிகையில் அச்சானதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பக்கத்தை நான் புரிந்துகொண்டது தெரிந்தால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறியாது என்று நம்பி, பத்திரிகையை நானே அனுப்பிவைத்தேன்.

படித்துவிட்டு நேரில் வந்தார். உட்காரவில்லை. தான் பேசியதைவிட நன்றாகவே எழுதியிருப்பதாக ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கதையில எல்லாரும் சாப்புடுறாக பாப்பா. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து இட்லி தின்னுட்டுப் போறாக. பூனைக்குக்கூடப் பால் ஊத்துற. நான் மட்டும் வாரேன், பேசுறேன், போறேன்."

கதைக்கு அது தேவைப்படவில்லை என்று ஏதோ சமாளித்தேன்.

"கையெழுத்து போடாட்டிப் போ. வெயில்ல வந்தவனுக்கு ஒரு செம்பு தண்ணி குடுக்கக்கூட ஒனக்கு மனசு வரலையா?"

அதற்குமேல் நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். இப்போது விசேஷ வீடுகளில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

நாவலே படித்திராத மனிதர். நான் ஒளிந்திருந்த இடத்தை ஒரே வாசிப்பில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கே தெரியாத இடம் அது. கதையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவருக்கு ஒரு நாற்காலிகூட நான் போட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நிஜத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டில்தான் சாப்பிட்டார். முடியாது என்று நான் முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. என் பிள்ளைகளோடு உட்கார்ந்து, குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.