பிளேனின் மேற்பக்கம்

இறுப்பிட்டியில் பிளாஸ்ரிக் துண்டுகளில் சின்னக் கப்பல் ஒட்டுகிற ஆள் நான் ஒருவன்தான். இதில் பெருமைப்பட எதுவுமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்த மற்றப் பாதி சிரிக்கிறது. அலுவலகம் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். சமைக்கிற குசினியில் ஏன் என்றால், சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மற்ற அறைகளில் பெயின்ற் காய்வதற்குள் மண் வந்து ஒட்டிவிடும். மனைவி இதுவரை முகம் சுளித்ததில்லை. நான் செய்த கப்பல்கள் அவளுடைய கண்ணாடி அலுமாரியில் பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த அவளுடைய தம்பி எனக்கொரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே கப்பல் இல்லை. எந்த நாட்டினதோ ஒரு பழைய சண்டை விமானம், துண்டு துண்டாக. மூடியில் அதன் படம்: முதுகெல்லாம் மண் நிறமும் பச்சையும் திட்டுத் திட்டாக. தம்பி வெளிக்கிட்ட பிறகும் அவள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது பொம்மரோ?"

"இல்லை, சின்னது. பழைய காலத்துப் பிளேன்."

சண்டைக் காலத்தில், குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டால் வளவுக்குள் வெட்டியிருந்த பங்கருக்குள் ஓடி இறங்கிய பிள்ளை அவள். இப்போதும் ஹெலி பறந்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு நிற்பாள்.

"செய்யுங்கோ," என்றாள். "ஆனா முடிச்சாப் பிறகு எனக்கு மனசு ஏலாட்டி, இது இந்த வீட்டிலை இருக்கேலாது. தம்பி தந்ததெண்டும் பாக்கமாட்டன்."

"ஓம்," என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

எனக்கோ அந்தத் திட்டுகள்மேல் ஆசை வந்துவிட்டது. இரண்டு நிறமும் சந்திக்கும் இடத்தில் கோடு கூராக இல்லை. மண் நிறம் மெல்லக் கரைந்து பச்சையாகிறது. அது எப்படி? வெளிர் நிறத்தை முழுவதும் விசிறி, காய்ந்த பிறகு அது தங்கவேண்டிய இடங்களை மறைத்து, மேலே கடும் நிறத்தை விசிற வேண்டும். மறைப்பை எடுத்தால் திட்டு. சொல்ல இவ்வளவுதான்.

மறைப்புக்கு ஒட்டுநாடா, அதுதான் ரேப், ஒட்டிப் பார்த்தேன். எங்கள் வெக்கையில் பசை இளகி, உரிக்கும்போது நிறத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. நல்ல ரேப் வாங்கினேன்; ஓரத்தால் பச்சை உள்ளே கசிந்தது. ரேப்பின் ஓரத்தில் முதலில் அதே மண் நிறத்தை இன்னொருமுறை விசிறினால், கசிவதும் மண் நிறம்தான், பிறகு பச்சை நுழைய இடமிராது என்று கண்டுபிடித்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஆனால் கோடு கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. எரிச்சலில் தம்பிக்குப் போன் எடுத்தேன். அங்கே களிமண் போல ஒன்று விற்கிறார்களாம். அதைத் திரியாக உருட்டி ஓரத்தில் வைத்தால், திரியின் அடியில் பெயின்ற் அரைகுறையாக விழுந்து ஓரம் மங்கலாகும் என்றான். எங்கள் தீவுக்குள் அதற்கு எங்கே போவது? வீட்டில் கோதுமை மா இருந்தது.

"கொஞ்சம் மா குழைச்சுத் தாரும்," என்று மனைவியைக் கேட்டேன்.

"றொட்டிக்கோ?"

"பிளேனுக்கு."

ஒரு பார்வை பார்த்தாள். ஆனாலும் குழைத்தாள். நான் உருட்டியது பிய்ந்து பிய்ந்து போக, உருட்டுகிற வேலையையும் அவளே பறித்துக்கொண்டாள். பிளேனின் ஒரு பக்கச் செட்டையில் மட்டும், படத்தைப் பார்த்துத் திரியை வளைத்து வளைத்து வைத்தோம். "உந்த வளைவு இன்னும் கொஞ்சம் இஞ்சாலை வரோணும்," என்று என்னைத் திருத்தினாள். திரிக்கு உட்பக்கத்தைப் பேப்பர்த் துண்டால் மூடி, பச்சையை நேர் மேலே பிடித்து விசிறி, காயட்டும் என்று விட்டேன்.

விடியப் பார்த்தால் மேசை முழுக்க எறும்பு. மாவை எடுத்தால், ஓரம் நான் ஆசைப்பட்டபடியே மங்கலாக விழுந்திருந்தது, ஆனால் அதன் நெடுகிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்புப் போட்டனீரோ?"

"மா குழைக்கேக்கை உப்புப் போடாமல்? கை தானாய்ப் போட்டிட்டுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் போடாட்டியும் எங்கடை கிணத்து உப்புத் தண்ணியே காணும்," என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஈரத் துணியால் துடைக்க வெள்ளை போய்விட்டது. மற்றச் செட்டைக்கு, குடிக்க வாங்குகிற தண்ணீரில், உப்பில்லாமல் குழைத்தாள். மேசைக்கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்து எறும்பையும் தடுத்தோம். வயிற்றுப் பக்கத்துக்கு மறைப்பு வேலை எதுவும் இல்லை; வெளிர் நீலம் மட்டும்தான். அதை ஒரே மூச்சில் விசிறி முடித்தேன்.

கூரை முகட்டில் தொங்கவிடலாம் என்று தங்கூசி நூலும் வெட்டி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் பிளேனைக் கையில் எடுத்து, தான் மா வைத்த வளைவுகளை விரலால் தடவினாள்.

"இந்தப் பச்சையெல்லாம் ஆருக்கு ஒளிக்க?"

"மேலை பறக்கிற மற்றப் பிளேனுக்கு. அங்கையிருந்து பாத்தா பத்தையும் நிலமும் மாதிரித் தெரியும்."

அவள் பிளேனைப் புரட்டினாள். நீல வயிறு தெரிந்ததும் விரல் நின்றுவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சது இந்தப் பக்கம்தான்," என்றாள். "பங்கர் வாசலாலை பாத்தா இதுதான் தெரியும். மேலை இப்பிடி ஒண்டு இருக்குமெண்டு நான் நினைச்சும் பாக்கேல்லை."

இத்தனை நாளும் மேற்பக்கத்தோடு மாரடித்தேன். அந்த நீலம் கீழே நிற்கிறவர்களுக்கு வானம்போலத் தெரியப் பூசுவது என்பது எனக்குப் படவே இல்லை.

"அப்ப, இதை ஆருக்கும் குடுத்துவிடவோ?" என்று கேட்டேன். மனதில்லாமல்தான் கேட்டேன்.

அவள் மேசையில் கிடந்த தங்கூசியை எடுத்துச் சுருட்டி என் கையில் தந்தாள்.

"முகட்டிலை வேண்டாம். என்ரை கதிரைக்குப் பக்கத்திலை உந்தச் சின்ன ஸ்ரூலிலை வையுங்கோ," என்றாள். "இனி நான் மேலையிருந்து பாக்கிறன்."