ஸ்டெல்லா டீச்சர் கேட்ட முதல் வேலை

சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன வாரம் ஒரு போலீஸ் கூட்டத்துக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன். உள்ளங்கை சிவக்கிற அளவுக்கு!

எங்கள் கே.ஜி.எஃப்.புக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் இன்ஸ்பெக்டர், எங்கள் நந்திதுர்க் பகுதி ஜனங்களைக் கூப்பிட்டிருந்தார். இந்த வருஷம் போலீஸ் எந்த வேலைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றார். போலீஸ் நம்மைக் கேள்வி கேட்பது புதிதல்ல... ஆனால் இந்த மாதிரிக் கேள்வியா?

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். செயின் பறிப்பு. பைக் திருட்டு. பூட்டிக் கிடக்கும் சுரங்கக் குவார்ட்டர்ஸில் சீட்டாட்டம். நான் என் பங்குக்குத் தெருநாயைச் சொன்னேன். அது முனிசிபாலிட்டி வேலை என்று இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

அப்போது பின்வரிசையிலிருந்து, வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றிக்கொண்டு ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார்.

பங்காருபேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். காலை ரயிலில் எங்கள் பெட்டிதான். நாலு மாதத்துக்கு முன், சர்ச் பக்கத்து வளைவில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் அவரைத் தூக்கியடித்தது. தொடை எலும்பு முறிந்தது. இடித்தவர் ரௌடி ஒன்றும் இல்லை. அதே ரயிலைப் பிடிக்கப் பறந்த ஆபீஸ்காரர். அவரே அழுதுகொண்டே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

“எங்கப்பா முப்பது வருஷம் ஷாஃப்ட்ல இறங்குனாரு மேடம். டெய்லி முழுசா வூட்டுக்கு வந்தாரு. நான் தரைமேல நடந்து போயி கால ஒடைச்சிக்கினேன்.”

ஹாலில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. தங்கச் சுரங்கத்துக்கு ஆளை அனுப்பிவிட்டு, ஷிஃப்ட் முடிகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டு ஜனங்கள்தானே அங்கே இருந்தவர்கள் எல்லாம்?

“செயின் போனா போவட்டும். பசங்க ஸ்கூலுக்குப் போற ரோடு அந்த சர்ச் வளைவு. மொதல்ல அதப் பாருங்க.”

இன்ஸ்பெக்டர் தன் பட்டியலின் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், அதை எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். அவ்வளவுதான் — கூட்டமே எழுந்து கைதட்டியது. செயினைப் பறிகொடுத்த ஒரு அம்மாகூடத் தட்டினார்!

சரி, எழுதினார். நடக்குமா? எத்தனை பட்டியல் பார்த்திருக்கிறோம்!

இந்தத் திங்கள் காலை எனக்கு வழக்கம்போல லேட். ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு அந்த வளைவில் திரும்புகிறேன்... ரோட்டின் குறுக்கே பாரிகேட்! மெதுவாகப் போகச் சொல்லும் போர்டு! ஈரம் காயாத மாதிரிப் பளிச்சென்று வெள்ளைக் கோடுகள்! நடுவில் இன்ஸ்பெக்டரே நிற்கிறார்.

எனக்கு வந்த குஷி இருக்கிறதே... ஓட்டிக்கொண்டே கையை ஆட்டினேன். அவரும் கையை நீட்டினார் — வண்டியை ஓரம் கட்டச் சொல்லி.

அந்தக் கூட்டத்தில் கைதட்டியவன் நான் என்று சொல்லிப் பார்த்தேன். ரயிலுக்கு நேரமாகிறது என்றும் கெஞ்சினேன்.

“சொல்ப நில்லுங்க சார்” என்றார், கன்னடம் கலந்த தமிழில். “அவங்க போகட்டும்.”

திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா டீச்சர். நாலு மாதத்துக்குப் பிறகு வேலைக்குப் புறப்பட்டிருக்கிறார். உயரமான ரயில் படியில் ஏற இன்னும் தெம்பில்லை. எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்புக்குப் போகிறார். கூடவே யூனிஃபார்ம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். ஸ்டிக்கை ஊன்றி ஊன்றி, அவசரமே இல்லாமல் அந்த வெள்ளைக் கோடுகளின் மேல் நடந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் ஊரிலா இது? எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் பக்கம் வந்ததும் டீச்சர் நின்றார். வெறும் தலையையும் தொங்கும் ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா பிரதர், நீங்களுமா?”

ரோட்டில் ஆபத்து என்றால் நமக்கு எப்போதும் அடுத்தவர் பைக்தான் ஞாபகம் வருகிறது. நம் ஸ்கூட்டர் வருவதே இல்லை... ஏன்?

இன்ஸ்பெக்டர் அபராத ரசீது எழுதி, ஹெல்மெட்டை மாட்டவைத்து அனுப்புவதற்குள் ரயில் போய்விட்டது. ஆபீசில் அரைநாள் லீவு.

இதைவிட நல்ல காரணத்துக்கு நான் லீவு போட்டதே இல்லை!