சந்தனத்துக்கு அடியில் கோபே

1993 ஆயுத பூஜை அன்று விழுப்புரம் மைக்செட் கடையின் பின்னறையில் இருந்தவர்கள்: எங்கள் பாட்டுக் கச்சேரிக் குழுவை நடத்திய மாஸ்டர், டிரம்ஸ் வாசிப்பவர், பாட்டுப் பாடும் அக்கா, நான். கடைக்காரர் பொரி வாங்கப் போயிருந்தார், அதனால் அவர் கணக்கில் இல்லை. இதை இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் உண்டு. அன்றைக்குத்தான் அந்த கிட்டார் என் கைக்கு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் கேட்க வேண்டி வந்தபோது, கேட்பதற்கு இவர்களைத் தவிர ஆளில்லை.

மாஸ்டர் அதைத் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தார். பொட்டை மட்டும் வெளியே வைக்க மாட்டார். ஒரு தடவை சந்தனம் ஆர்மோனியத்தின் பாலிஷைத் தின்றுவிட்டதாம். அதனால் கிட்டாரின் வட்டத் துளைக்குள், கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு, உள்ளே ஒட்டியிருந்த ஒரு சீட்டின் மேல் சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமம் வைப்பார். பல வருஷத்துச் சந்தனம் அங்கே அடையாகக் காய்ந்து கிடந்தது.

"நீயே வச்சிக்கப்பா. ரெண்டாயிரத்து ஐந்நூறு. கச்சேரிக்குக் கச்சேரி கழிச்சிக்கிறேன்" என்றார்.

"எங்க வாங்கினது மாஸ்டர்?"

"பொண்ணு பாக்கவா வந்திருக்கிற, ஊரு பேரெல்லாம் விசாரிச்சிக்கினு?"

அக்கா சிரித்துவிட்டார். நான் கிட்டாரை எடுத்துக்கொண்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிட்டாரின் தலையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து, அதுதான் செய்த கம்பெனி என்று முடிவு செய்துகொண்டேன். என் கூலியில் ஆயிரத்து எண்ணூறு வரை கழிந்தது. பிறகு மாஸ்டர் மகனோடு பெங்களூர் போனார், போன இடத்திலேயே காலமாகிவிட்டார் என்று தகவல் வந்தது. அதற்கப்புறமும் ஆயுத பூஜைக்கு அவர் செய்தபடியே துளைக்குள் விரலை விட்டுச் சந்தனம் வைத்துவந்தேன். வேறு மாதிரி வைத்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம்.

பல வருஷம் கழித்து, பங்குனி உத்திரத்துக்கு மயிலத்தில் வாசித்துவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். கீழே நின்ற ஒருவர் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைப்பக்கம் கூடுதலாக இருந்த ஒரு ஃப்ரெட்டை, கம்பிகளுக்கு அடியில் குறுக்கே ஓடும் உலோகக் கீற்றை, தொட்டுக் காட்டினார்.

"பழைய ஜப்பான் சரக்குல இப்படி இருக்கும். சுலபத்துல கெடைக்காதுங்க இது. உங்களுக்கு எப்படி வந்துது?"

எங்கள் மாஸ்டர் கொடுத்தது என்றேன். அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை. ஜப்பான் கிட்டார் விழுப்புரத்துக்கு எந்த வழியாக வரும்? மாஸ்டர் ஏன் ஊர் பேர் சொல்லவில்லை? திருட்டுப் பொருளாக இருந்து, உரியவன் ஒருநாள் மேடையிலேயே வந்து கையைப் பிடித்தால்?

"போலீசு ஜீப்பு சத்தம் கேட்டா எழுந்து ஒக்காந்துக்கிறீங்க" என்றாள் என் மனைவி. "அந்தக் கட்டைய வித்துத் தொலைங்க."

"யாருதுன்னு தெரியாம எப்படி விக்கிறது?"

"அப்ப ஜல்தியா தெரிஞ்சிக்கங்க. என்ன பேஜாரு பண்ணாதீங்க."

டிரம்ஸ்காரர் அப்போது கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போட்டுக்கொண்டிருந்தார். "மெட்ராஸ் பர்மா பஜாருதான்ப்பா" என்று அடித்துச் சொன்னார். கூடப் போனீர்களா என்று கேட்டேன். இல்லையாம். அக்கா, "திண்டிவனத்துலேருந்து வந்ததுன்னு ஒரு ஞாபகம் தம்பி. யாருகிட்டேருந்துன்னு வரமாட்டேங்குது" என்றார்.

காலேஜ் படித்துக்கொண்டிருந்த மகள் செல்போனில் தேடிப் பார்த்தாள். அவள் சொன்ன முதல் விஷயமே என்னை உலுக்கிவிட்டது. தலையில் இருக்கும் பெயரை நம்பக் கூடாதாம். ஜப்பானில் ஒரே பட்டறை பல வியாபாரிகளுக்குக் கிட்டார் செய்து கொடுக்கும், ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டு விற்றுக்கொள்வார்கள். நான் இத்தனை வருஷம் தகப்பன் என்று நினைத்த பெயர், வெறும் கடைக்காரன் பெயர்.

"உள்ள ஒரு சீட்டு இருக்கும்ப்பா. அதுல நம்பர் இருந்தா கண்டுபிடிக்கலாம்."

நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் என் மனைவி ஒற்றி ஒற்றி எடுத்தாள். நான் டார்ச் அடித்தேன். சந்தனம் அடை அடையாகப் பெயர்ந்து வந்தது. குங்குமம் பேப்பருக்குள்ளேயே ஊறியிருந்ததால், செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. நம்பரின் தொடக்கம் தப்பியிருந்தது: 51.

"ஐம்பத்தொன்னுல செஞ்சதா? எனக்கு முந்தியே பொறந்ததா?"

"இல்லப்பா. சில கம்பெனிங்க அவங்க ராஜா பட்டத்துக்கு வந்த வருஷத்துலேருந்து எண்ணுவாங்களாம். அந்த ராஜா வந்த இருபத்தாறுதான் முதல் வருஷம். அப்படிப் பாத்தா எழுபத்தாறு."

நம் பஞ்சாங்கத்தில் வருஷத்துக்குத் தனிப் பெயர் இருப்பது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. சீட்டின் ஓரத்தில் ஒரு கடை முத்திரை இருந்தது. அதில் தெளிவாக இருந்தது ஊர்ப் பெயர் மட்டும்: கோபே. அது ஜப்பானில் ஒரு துறைமுகம் என்றாள் மகள். உடனே அக்காவுக்குப் போன் போட்டு, மாஸ்டருக்குக் கப்பலில் வேலை செய்த ஆள் யாரையாவது தெரியுமா என்று கேட்டேன்.

"அட, ஆமாந்தம்பி. கப்பல்ல சமையலு பண்ணிக்கினு இருந்தாரு ஒருத்தரு, மாஸ்டருக்கு தோஸ்து. திண்டிவனத்துல ஏரிப் பக்கம் வீடு."

பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். சட்டைப் பையில் எழுநூறு ரூபாய் இருந்தது, மாஸ்டருக்கு நான் தர வேண்டிய மீதி. இல்லாதவருக்குத் தர முடியாத காசு, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன். ஏரிப் பக்கம் விசாரித்தால் எல்லாருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. எண்பதைத் தொட்ட மனிதர். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், நான் வந்த விஷயத்தைக் கேட்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

"கவரத் தொறக்காத. அடிப்பக்கம் சுட்ட தழும்பு ஒண்ணு இருக்குதா, சொல்லு."

இருந்தது. அதை மரத்தின் ரேகை என்று நினைத்திருந்தேன். கப்பல் சமையலறையில் அடுப்போரம் சாய்த்து வைத்ததில் பட்ட சூடாம். கப்பல் ரிப்பேருக்காக கோபேயில் நின்றபோது, பழைய சாமான் கடையில் வாங்கியிருக்கிறார்.

"வாசிப்பீங்களாங்க?"

"ஆறு கம்பின்னே அப்பதான் எண்ணிப் பாத்தேன். கடைக்காரன் ஒரு தட்டு தட்டினான். சத்தம் அடங்காம நின்னுக்கினே இருந்துது. அதுக்கு மயங்கிட்டேன்."

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாஸ்டர் இத... உங்ககிட்ட சொல்லிட்டுதான எடுத்துக்கினு போனாரு?"

அவர் சிரித்ததில் தைலப் புட்டி சாய்ந்தது. "திருடிக்கினு போனான்னு பயந்துக்கினியா? நான்தான் சும்மா வாசிக்கக் குடுத்து வச்சிருந்தேன். அப்புறம் வந்து, ஒரு பையன் ஆசப்படறான், கடையில வாங்க வக்கில்ல, ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குடுன்னான். காசு சேரச் சேரக் கொண்டாந்து குடுத்தான்."

அது மாஸ்டர் என்னிடம் சொன்ன அதே விலை. மாஸ்டர் தனக்கென்று எதுவும் வைக்கவில்லை. என் கூலியிலிருந்து கழித்ததை அப்படியே திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"எவ்ளோ வந்துச்சுங்க?"

"ஆயிரத்து எழுநூத்தம்பது."

நான் கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு. அந்த ஐம்பது எங்கே போனது என்று மனசு அங்கேயே ஓட ஆரம்பித்தது. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்: "பஸ் சார்ஜு எடுத்துக்கினு இருப்பான், வுடு."

எழுநூறோடு இன்னொரு ஐம்பதைச் சேர்த்து நீட்டினேன். அவர் என் விரல்களை மடக்கிவிட்டார்.

"நீ அவங்கிட்ட வாங்கின, நான் அவங்கிட்ட குடுத்தேன். நடுவுல இருக்கறவன் இல்லாம உங்கிட்ட நான் எப்படி வாங்கறது? அந்த சத்தத்தப் போடு, கேக்கறேன்."

சுருதி சேர்த்துத் தட்டினேன். அது அடங்குகிறவரை அவர் தைலக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எந்தப் பட்டறையில் செய்தது என்று இன்னும் தெரியாது. மகள் இப்போதும் அந்தச் சிவப்புச் சீட்டைப் போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஜீப் சத்தம் கேட்டால் நான் எழுந்திருப்பதில்லை. திண்டிவனம் போகும்போதெல்லாம் அவர் வாசிக்கச் சொல்கிறார், நான் காசை நீட்டுகிறேன், அவர் வாங்குவதில்லை. கிட்டாருக்கு இன்னும் பாக்கி எழுநூற்றைம்பது ரூபாய்.