மிக்சியில் அரைத்த சோறு

முடிச்சூர் சாலையில் தாம்பரத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் என் மகள், இரண்டேகால் வயது. பின்னால் பார்த்து "அத்தை, அத்தை" என்று கத்திக்கொண்டே வந்தாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் மச்சானின் மனைவி கேட்டருகே நின்று சிரித்துக்கொண்டிருப்பது கண்ணில் படும்.

குழந்தையின் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் போர்வெல் லாரியோடு ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றுகிறவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அதனால் குழந்தை அவள் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். அங்கே அவளுக்குச் சாப்பாடு ஒன்றுதான். சோறும் பாலும் மிக்சியில் அடித்த வெள்ளைக் கூழ். ஒருமுறை ஆப்பிள் துண்டு தொண்டையில் சிக்கிக் குழந்தைக்கு இருமல் வந்ததாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே மிக்சிக்குள் போய்த்தான் அவள் வாய்க்கு வரும். வாயில் பதினாறு பல் இருந்தது. ஒன்றுக்கும் வேலை இல்லை. கூழில் துளி மஞ்சள் நிறம் தெரிந்தாலும் துப்பிவிடுவாள். செல்போனில் பொம்மைப் படம் ஓடினால்தான் வாய் திறக்கும்.

அன்று காலை பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருக்கும்போது மச்சானின் மனைவி என் கையில் ஒரு விள்ளல் இட்லியை வைத்தாள்.

"அப்பன் வந்துட்டாரில்ல, ஊட்டட்டும். பாக்கலாம்."

ஊட்டினேன். குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. இன்னொரு தரம் கெஞ்சினேன். இட்லியைத் தட்டிவிட்டது. மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா? ஆளே தெரியல. அப்பன் கையாம், அப்பன் கை!"

நான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அப்போதுதான் அந்த அம்மாளின் குரல் மாறியது.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க தம்பி? என் கை இல்லாம அவளுக்கு ஒரு வாய் உள்ள இறங்காது. பொழுது சாயறதுக்குள்ள நீங்களே கொண்டாந்து விடுவீங்க."

"விடமாட்டேன்க்கா."

"விட்டா, அவ அம்மா வர்ற வரைக்கும் நீங்க இந்த கேட்டுப் பக்கம் வரக்கூடாது. சரியா?"

"சரி" என்றேன். கோபத்தில் சொன்னது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். சாப்பிட்டால் குழந்தை என்னோடு, சாப்பிடாவிட்டால் அத்தையோடு.

வழியில் ஒரு பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கி உரித்துக் கொடுத்தேன். ரோட்டில் எறிந்தாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பொங்கலை உருட்டி நீட்டினேன். மிளகைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சப்ளையர் வந்து, "போன் காட்டுங்க சார், இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்" என்றான். என்னுடையது பட்டன் போன். அதில் காட்ட ஒன்றும் கிடையாது.

இரும்புலியூர் வரும்போது மதியம் தாண்டிவிட்டது. அழுது அழுது அவளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. பசியில் கிடப்பது எனக்குப் பழக்கம். லாரி பழுதாகி நின்ற இடங்களில் இரண்டு நாள் டீயிலேயே ஓட்டியிருக்கிறேன். அவள் அப்படிக் கிடப்பதைத்தான் பார்க்க முடியவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக நின்று, முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோவுக்குக் கையைக்கூடக் காட்டினேன். ஆட்டோ நின்றது. அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. போகச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் தள்ளுவண்டியில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரம்மா கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம். ஒரு தட்டுச் சோறு, மீன் குழம்பு, நெத்திலி வறுவல் வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். எதிரே மகளை இன்னொரு ஸ்டூலில் உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு அவள்மீதும் கோபம்தான். என்னை அவமானப்படுத்தியதில் அவளுக்கும் பங்கு உண்டு.

"உனக்குக் கிடையாது போ" என்று சொல்லிவிட்டு நான் மட்டும் சாப்பிட ஆரம்பித்தேன்.

பார்த்தாள். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஸ்டூலிலிருந்து வழுக்கி இறங்கி என் பக்கம் வந்தாள். நான் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். மறுபடி திரும்பினேன். நடிப்பு இல்லை, நிஜமாகவே கொடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது முறை என் தொடையில் ஒரு அடி வைத்துவிட்டுத் தட்டுக்குள் கைவிட்டு ஒரு நெத்திலியை எடுத்தாள். நான் பிடுங்கிவிடுவேனோ என்று அவசரமாக வாயில் போட்டாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மென்றாள்!

கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். சொம்பை எடுத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் தட்டுக்குள் கைவிட்டாள். குழம்புச் சோற்றையும் அள்ளினாள், பாதி சட்டையில், பாதி வாயில்.

"இன்னாப்பா, கொயந்தைக்குத் தராம நீ மட்டும் துன்னுகினு கீறே?" என்றாள் கடைக்காரம்மா.

"தந்தா துன்னாதும்மா. தரலன்னாதான் துன்னுது."

"அப்போ உன் ரத்தம்தான். சந்தேகமே இல்ல."

போனை எடுத்து மச்சான் வீட்டுக்கு அடித்தேன். அவன் மனைவிதான் எடுத்தாள். போனைக் குழந்தையின் வாய் அருகே பிடித்தேன். அடுத்த நெத்திலி போய்க்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"நெத்திலிக்கா. ஏழாவது."

"தலையக் கிள்ளிப் போட்டீங்களா? காரம் ஜாஸ்தியா?" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கேட்டைப் பூட்டிக்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எட்டு மாதம் ராவும் பகலும் பார்த்துக்கொண்டவள்தான். எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த உடைந்த குரல் மீன் குழம்பைவிட ருசியாக இருந்தது. இதை எழுதும்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

பயம் மட்டும் வந்தது. ஒரு வேளை தின்றது கணக்கில் வராது. நாளைக்கு வாயை மூடிக்கொண்டாள் என்றால் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாகத் திரும்பி வரும். கூடுவாஞ்சேரியில் போர்வெல் லாரி எனக்காகக் காத்திருந்தது. மேஸ்திரிக்குப் போன் செய்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பழைய லாரிக்காரன் ஒருவன் இரும்புலியூரில் அறை எடுத்திருந்தான். அங்கே போய்ப் படுத்தோம்.

விடிந்ததும் தள்ளுவண்டிக்குப் போனேன். கடைக்காரம்மா கூடையிலிருந்த மீனைக் கொட்டிக்கொண்டிருந்தாள். வேலை கேட்டேன்.

"மீன் ஆயத் தெரியுமா?"

"தெரியாது. பூமியில ஓட்டை போடத் தெரியும்."

"அதுக்கு இங்க இன்னா வேலை? வெங்காயத்த உரி மொதல்ல. கொயந்தை?"

"இங்கதான் இருக்கும். நாம துன்றதத்தான் துன்னணும். யாரும் ஊட்டக் கூடாது, அதான் என் கண்டிஷன்."

"வேலைக்கு வந்தவன் கண்டிஷன் போடறான் பாரு" என்று கத்தியை என் பக்கம் தள்ளினாள். மகளைப் பக்கத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார வைத்துவிட்டு, அவள் இருப்பதையே கவனிக்காதவன் போல வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.