கோயில் வாசலில் சப்பாத்து

எங்கள் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, தன் மகனுக்கு வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் கொடுத்தார். அதில் மூன்று பாகமாக ஒரு புதையல் வேட்டை விளையாட்டு இருந்தது. செய்ய வேண்டியதை நாம் கீபோர்டில் தட்டினால் வீரன் செய்வான். நானும் அண்ணன் குணாளனும் இரண்டு பாகங்களை முடித்துவிட்டோம். மூன்றாவதில் ஒரு கோயில் வரும். அண்ணன் வாசலிலேயே வீரனின் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். உள்ளே மூன்றாவது அடியில் விஷமுள் குத்தி வீரன் செத்துப்போவான். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

“போட்டுக்கிட்டே போலாம்ணே, வெறும் கேம்தானேலா!” என்று கத்துவேன்.

“கோயில்லா,” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வளர்ந்த பிறகு அண்ணன் ஈப்போ டவுனில் லாரி ஓட்டினார். எஸ்டேட் கைமாறி, மாரியம்மன் கோயிலை இடிக்க ஆட்கள் வந்த அன்று, லீவு போட்டுவிட்டுப் போய் வாசலில் நின்றார். இடிக்காதே என்று சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள் என்று மட்டும் கேட்டார். அவரைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

“இதுக்கா லீவு போட்டீங்க?” என்று அன்றும் திட்டினேன்.

அண்ணனுடைய கருமாதி முடிந்த மறுநாள், அந்த விளையாட்டை லேப்டாப்பில் தேடிப் பிடித்தேன். சப்பாத்தோடு போனால் புதையல் கிடைக்கும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். கோயில் வாசல் வந்தது.

கழற்றினேன். மூன்றாவது அடியில் வீரன் செத்தான்.

மறுபடியும் வாசலுக்கு வந்தேன். மறுபடியும் கழற்றினேன்.